ஒரு சித்திரை, ஒரு ஆடி பார்த்துவிட்டுப் புதையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் செங்கோட்டை வட்டாரத்தில் பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற இதழில் பஸ் நிறுத்த நிழற்குடைகளைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெஞ்சுகளைப் பற்றியவை என்பதால், இந்த இதழ் முழுவதும் பெஞ்சு.)

கேள்வி: அண்ணாச்சி, அப்பா இறந்து ஓர் ஆண்டு ஆகப்போகிறது. அவர் நினைவாக ஊருக்கு நாலு பெஞ்சு போட்டுக்கொடுக்க நினைக்கிறோம். இரண்டு பஸ் நிறுத்தத்துக்கு, இரண்டு அப்பா மாலையில் நண்பர்களோடு உட்காரும் புளியமரத்தடிக்கு. காலைக் கான்கிரீட்டில் புதைத்துவிட வேண்டும் என்கிறார் அண்ணன். போல்ட் போட்டால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். 'கல் பெஞ்சை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள், சும்மா வையுங்கள்' என்கிறார் சித்தப்பா. யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, பண்பொழி

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் சரி இருக்கிறது அம்மா. ஆனால் மூவரும் பெஞ்சைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த இடம், எந்த மாதம், யார் உட்காரப்போகிறார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்காமல்தான் வேலை செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1998-ல் ஒரு சிறிய ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு ஆறு சிமென்ட் பெஞ்சுகள் போடும் வேலை என் பொறுப்பில் வந்தது. மார்கழி மாதம். நண்பகலில் போய்ப் பார்த்தேன். பழைய சத்திரச் சுவரின் வடக்குப் பக்கம் அருமையான நிழல். ஆறு பெஞ்சையும் அந்தச் சுவரோடு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு காலையும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் புதைத்தேன். அசைக்க முடியாத வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த சித்திரை கழிந்து அந்த வழியாகப் போனேன். ஆறு பெஞ்சும் கொளுத்தும் வெயிலில் காலியாகக் கிடந்தன. கீரைக்கட்டோடு வந்த ஒரு பாட்டி சுவரின் தெற்குப் பக்கம், சாக்கடை ஓரத்தில், ஓர் ஆள் அகல நிழலில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் எளியது. நம் பகுதி ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அங்கிருந்து ஆவணி நடுப்பகுதி வரை அது நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. நாலு மீட்டர் உயரச் சுவர் என்றால், மார்கழி நண்பகலில் வடக்கே இரண்டரை மீட்டர் நிழல் விழும். ஆனி நண்பகலில் நிழல் தெற்கே மாறி, அதுவும் ஒரே மீட்டராகக் குறுகிவிடும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவரும் எனக்கு இதைச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பெயர்க்கப் பார்த்தபோது கால்கள் உடைந்தனவே தவிர அடித்தளம் வரவில்லை. இரண்டு பெஞ்சு வீணாயிற்று, மற்ற நாலும் அங்கேயே நின்றன.

ஆகவே பஸ் நிறுத்தத்துக்கு அண்ணன் சொல்வதுபோல நிலையாகப் பொருத்துங்கள், ஆனால் உடனே வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு நிலையாக இருக்கத்தான் வேண்டும். முழங்கால் வலியோடு வருகிறவர் நேற்று இருந்த இடத்தில் இன்றும் பெஞ்சு இருக்கும் என்று நம்பித்தான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். பார்வையற்றவர் கைத்தடியால் தட்டித் தட்டி அந்த இடத்தை மனதில் பதித்து வைத்திருக்கிறார். நகரும் பெஞ்சு அவருக்கு இடறும் பொருள். சாலையோரத்தில் யாராவது அதைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுவிட்டால், திரும்பும் பஸ்ஸின் முன்மூக்கு உட்கார்ந்திருப்பவர் முழங்காலுக்கு வந்துவிடும். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. நகரும் பெஞ்சு அந்த அகலத்தை விட்டுவைக்காது.

பொருத்தும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கல்யாண மண்டபத்திலோ பள்ளியிலோ பழைய மரப் பெஞ்சு இரண்டை இரவல் வாங்கி, நீங்கள் நினைக்கும் இடத்தில் சித்திரையில் ஒரு வாரம், ஆடியில் ஒரு வாரம் வையுங்கள். மக்கள் அதை எங்கே இழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றும் சாரலும் எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பெஞ்சின் முதுகு மேற்கே இருந்தால் சாரல் முதுகில் விழும், கிழக்கே இருந்தால் முகத்தில் விழும். இரவல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இதை உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பெஞ்சைத் திருப்பிப் போட்டுக் காட்டிவிடுவார்கள். அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, பிறகு குழி வெட்டுங்கள். திதிக்குள் முடியாதே என்று நினைக்காதீர்கள். திதியன்று மரத்தடிப் பெஞ்சுகளைக் கொடுத்துவிடலாம். அவற்றுக்குச் சித்தப்பா சொல்வதுதான் சரி.

மரத்தடிக்கு வருகிறவர்கள் வண்டிக்காகக் காத்திருப்பதில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச வருகிறார்கள். நாலு பேர் என்றால் எதிரெதிராக, எட்டுப் பேர் என்றால் வளைவாக உட்கார வேண்டும். நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவை 1992-ல் மறுபடி திறந்தபோது, தரையில் பொருத்தாத நாற்காலிகளைப் போட்டார்கள். அந்நகரத்தின் பொது இடங்களைப் பல ஆண்டுகள் கவனித்த வில்லியம் வொய்ட் என்பவரின் யோசனை அது. நாற்காலி சரியான இடத்தில் இருந்தாலும்கூட மனிதர்கள் உட்காரும் முன் அதை ஓர் அங்குலமாவது நகர்த்துகிறார்கள் என்று அவர் கண்டார். நம் ஊரில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போடும் யாரையும் பாருங்கள், அதே கைதான்.

இன்னொரு காரணம் வேர். முதிர்ந்த புளியமரத்தடியில் நாலு குழி வெட்டினால் ஒரு பெரிய வேராவது அறுபடும். அந்தப் பக்கப் பிடிப்பு குறைந்த மரம் நம் ஆடிக்காற்றில் நிற்க வேண்டும். பெஞ்சுக்காக மரத்தைப் பலவீனப்படுத்துவதை நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

இரும்புப் பெஞ்சு வேண்டாம், பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், நாலு அங்குலக் கனம் உள்ள கருங்கல் பலகை வாங்குங்கள். அதன் எடை 220 கிலோவை ஒட்டி வரும். திருட முடியாது, ஆனால் நாலு பேர் கடப்பாரையோடு சேர்ந்தால் இடம் மாற்றலாம். கீழே இரண்டு கல் கால்கள், ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓர் அடி உள்ளே தள்ளி. கால் மண்ணில் இறங்காமல் இருக்க அடியில் அகலமான தட்டைக்கல். பலகையும் காலும் சேரும் இடத்தில் துளையிட்டு இரும்பு முளை கட்டாயம் வையுங்கள். கலவையை மட்டும் பூசி நிறுத்திய பலகை ஒருநாள் வழுக்கி இறங்கும், அப்போது அடியில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். கடைகளில் விற்கும் வார்ப்பு சிமென்ட் பெஞ்சு வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். கனமாக இருப்பதால் அது கவிழாது என்று நினைத்துவிடுகிறோம். முதுகுப்பலகையைப் பிடித்து இரண்டு சிறுவர்கள் பின்னால் தொங்கினால், பின்கால் குறுகலாக உள்ள பெஞ்சு சாய்ந்துவிடும். வாங்கும் முன் நீங்களே பிடித்து இழுத்துப் பாருங்கள்.

அப்பாவின் பெயரைப் பெயின்டில் எழுதாதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் போய்விடும். பலகையின் முன்விளிம்பில் 'உபயம்' என்று சிறிதாகக் கொத்தச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் கொத்தினால் எழுத்துப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அதன்மேல் உட்காரவும் பலர் கூசுவார்கள். இடம் ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் படிப்பகத்தின் முன்னால் பேவர் பிளாக் பதித்த பிறகு மூன்று இரும்புப் பெஞ்சுகளைப் போல்ட் போட்டு இறுக்கினோம். ஆறே மாதத்தில் இரண்டு பெஞ்சு கல்லோடு சேர்ந்து பெயர்ந்துவிட்டது. போல்ட் மட்டமா, வேலை மட்டமா?
— படிப்பகச் செயலாளர், புளியரை

பதில்: போல்ட் நல்லதாகவே இருந்திருக்கும். அது பிடித்துக்கொண்டிருந்த பொருள்தான் போதவில்லை. நடைபாதைக்குப் போடும் 60 மில்லிமீட்டர் பேவர் கல் ஒன்றின் எடை நாலு கிலோகூட இராது. அடியில் மணல் படுக்கை, பக்கத்துக் கல்லோடு மணல் இணைப்பு. ஓர் ஆள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பெஞ்சு பின்காலை ஊன்றிப் பின்னால் சாயப் பார்க்கும், முன்காலின் போல்ட் மேல்நோக்கி இழுபடும். நாலு கிலோ கல் அந்த இழுப்பை எத்தனை நாள் தாங்கும்? உங்கள் பெஞ்சில் முதலில் கிளம்பியது முன்கால்தானா என்று பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதில்லை, ஆனாலும் முன்கால் என்றே சொல்வேன்.

ஒவ்வொரு கால் வரும் இடத்திலும் நாலைந்து கல்லைப் பெயர்த்தெடுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி. தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. கான்கிரீட் இறுகியதும் ஒரு குழியில் மட்டும் நூறு கிலோ எடை கிடைத்துவிடும். போல்ட்டுகளை ஈரக் கான்கிரீட்டிலேயே தலைகீழாக நிறுத்திவிடலாம், அல்லது இறுகிய பிறகு துளையிட்டு ஆங்கர் போல்ட் அடிக்கலாம். துளையிடுவதாக இருந்தால் விளிம்பிலிருந்து மூன்று அங்குலமாவது உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் விளிம்பு சில்லாகப் போகும். பேவர் கல்லை வெட்டி மறுபடி பதித்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஏழு நாளும் பெஞ்சை அங்கே வைக்கவே வேண்டாம், வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

போல்ட்டைக் கழற்றி எடுத்துப் போகிறார்களே என்று கவலைப்பட்டால், ஒருவகை நட் கிடைக்கிறது. குறிப்பிட்ட அளவு இறுகியதும் அதன் அறுகோணத் தலை ஒடிந்து விழுந்துவிடும், ஸ்பேனர் பிடிக்க இடமில்லாத வழுவழுப்பான கூம்பு மட்டும் மிஞ்சும். தென்காசியிலோ கொல்லத்திலோ பெரிய ஹார்டுவேர் கடையில் விசாரியுங்கள்.

இரும்புக் காலை நேராகக் கான்கிரீட்டில் புதைப்பதைவிட, உங்களைப் போலத் தட்டு வைத்துப் போல்ட் போடுவதையே நான் விரும்புகிறேன். நம் சாரலில், கால் கான்கிரீட்டுக்குள் நுழையும் அந்த ஒரு விரற்கடை இடத்தில்தான் தண்ணீர் தங்கி இரும்பைத் தின்னும். மேலே பெஞ்சு புதிதாகத் தெரியும், கீழே கால் தாள் போல ஆகியிருக்கும். புதைத்தே ஆகவேண்டுமென்றால் துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பாக எடுத்து, கால் நுழையும் இடத்தில் கான்கிரீட்டைச் சிறு மேடாக, தண்ணீர் வெளியே வழியும்படி பூசுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் கரிசல் மண்ணில் இருப்பவர்களுக்கும் இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை. அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஒன்றரை அடிக் குழி அங்கே பெஞ்சைக் கோணலாக்கிவிடும். அகலமான ஒரே கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் பெஞ்சைப் பொருத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிட்டிங் ஷெட்டில் சுவரோடு கட்டிய சிமென்ட் திட்டு இருக்கிறது. எழுபது வயது அம்மாவால் அதில் உட்கார முடிகிறது, எழுந்திருக்க முடிவதில்லை. இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. என்ன மாற்றம் கேட்கலாம்?
— ஒரு வாசகர், ஆரியங்காவு

பதில்: திட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 35 சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்கும். தரையை உயர்த்தி ஓடு பதிக்கும்போதெல்லாம் திட்டு குள்ளமாகிக்கொண்டே போகிறது. 45 சென்டிமீட்டர் வேண்டும். ஆழம் 45-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் முதுகு சாய்க்கும்போது கால் அந்தரத்தில் தொங்கும்.

உயரத்தைவிட முக்கியமானது எழும்போது குதிகால் பின்னால் போக இடம். நாம் எழுந்திருக்கும்போது பாதத்தை முழங்காலுக்குப் பின்னே இழுத்துத்தான் எழுகிறோம், நீங்களே இப்போது ஒருமுறை எழுந்து பாருங்கள். அடியில் அடைத்துக் கட்டிய திட்டில் அந்த இழுப்புக்கு வழியில்லை. அம்மாவின் காலில் பலம் குறைந்தது பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அந்தச் சுவர். என் மனைவிக்கும் இதே சிரமம் வந்த பிறகுதான் எனக்கே இது விளங்கியது. முப்பது ஆண்டுகள் திட்டு திட்டாகக் கட்டிவிட்டு, வீட்டில் ஒருவர் தவித்த பிறகு கற்றுக்கொண்டேன்.

திட்டை முழுக்க இடிக்கக் கேட்டால் நடக்காது. ஒரு முனையில் நாலடி மட்டும் இடித்துவிட்டு, அங்கே கால் வைத்த, கைப்பிடி உள்ள பெஞ்சு ஒன்றைப் பொருத்தச் சொல்லி மனுக் கொடுங்கள். கைப்பிடி உட்காரும் பலகைக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயரத்தில், முன்விளிம்பு வரை வர வேண்டும். ஊன்றி எழும்போது கை அங்கேதான் போகும். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் 90-க்கு 120 சென்டிமீட்டர் இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர் கூட வந்தவரோடு பக்கத்தில் இருந்து பேசலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்கும் பொதுவானது. மனுவில் அதன் பெயரை எழுதுங்கள்.

கேள்வி: சில ஊர்களில் பெஞ்சின் நடுவே இரும்புக் கம்பி வைத்து யாரும் படுக்க முடியாமல் செய்கிறார்கள். இது நியாயமா?
— கல்லூரி மாணவர், செங்கோட்டை

பதில்: நியாயம் இல்லை தம்பி. விடியற்காலை சந்தைக்குக் காய் இறக்கிவிட்டு, முதல் பஸ் வரும்வரை ஒரு மணி நேரம் கண்ணயர்கிறவரைத் தண்டிக்கும் கம்பி அது. கைப்பிடி வேண்டும் என்று மேலே சொன்னேன், அது எழுவதற்கு. அதை இரு முனைகளிலும் வைத்தால் போதும். நடுவிலும் ஒன்று வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கலாம், நீளமான பக்கத்தில் ஒருவர் காலை மடக்கியாவது சாய்ந்துகொள்வார். மூன்று பெஞ்சு இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் கைப்பிடி வைத்து, மற்ற இரண்டையும் திறந்தே விடுவது இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மலைப்பக்கம் போகும் பழைய பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இப்போது யாரும் தலைச்சுமையோடு நடப்பதில்லை. அதன் குறுக்குக் கல்லை இறக்கி, தாழ்வாக வைத்துப் பெஞ்சாக்கினால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் உட்காரலாமே என்று எங்கள் இளைஞர் மன்றத்தில் பேச்சு. கருங்கல்லும் மிச்சம். உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: கை வைக்காதீர்கள். இதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். மலைக்கு அந்தப் பக்கமும் இதே கல் உண்டு. செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். கொல்லத்துச் சாலையில் சரக்கு சுமந்து நடந்தவர்களுக்கு இரு பக்கமும் ஒரே கல், ஒரே இளைப்பாறல். மலையாளத்தில் அதை அத்தாணி என்பார்கள். அந்தப் பெயரிலேயே அங்கே ஊர்கள் இருக்கின்றன.

அதன் உயரத்தைப் பாருங்கள். உட்காரும் உயரத்தில் அது இல்லை, ஆள் நின்றபடியே தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் கல்லுக்கு மாற்றும் உயரத்தில் இருக்கிறது. மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளவும் அதே உயரம் உதவும். சுமப்பவரின் கழுத்தை அறிந்தவர் வைத்த அளவு. அதைத் தாழ்த்தினால் அளவும் போகும், நினைவும் போகும். நான் பார்த்தவற்றில் செங்குத்துக் கற்களின் கணிசமான பகுதி மண்ணுக்குள் இருந்தது, சிமென்ட் ஒரு பிடிகூட இல்லாமல்.

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பெஞ்சு வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சுமைதாங்கியிலிருந்து நாலைந்தடி தள்ளி, குழி வெட்டாமல், தட்டைக்கல் மேல் நிற்கும் கல் பெஞ்சு ஒன்று வையுங்கள். அருகே தோண்டினால் பழைய கல்லின் பிடிப்பு தளரும், அதனால்தான் குழி வேண்டாம் என்கிறேன். குறுக்குக் கல் ஏற்கெனவே ஆடுகிறதென்றால் கல்தச்சரை அழைத்துக் காட்டுங்கள், ஜேசிபி கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. காலை ஏழு மணி வெயில் கல்மேல் சாய்வாக விழும்போது போய், குறுக்குக் கல்லின் முகப்பைப் பாருங்கள். நேர் வெயிலில் தெரியாத கொத்தெழுத்து அந்த வெயிலில் தெரியும். எழுத்து ஏதும் இருந்தால் ஒரு புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.